கண்ணாடிக்காரர் வீட்டு நடு ஹால்

என் அக்காவின் கணவருக்குக் கல் தரைக்குப் பாலிஷ் போடுவது தொழில். முப்பது வருஷமாக வீடு வீடாக மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறார். மார்பிளோ கிரானைட்டோ, தேய்த்து முடித்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "குனிஞ்சு பாருங்க, மூஞ்சி தெரியுதா?" என்று கேட்பார். தெரியும். தலைமுடி கலைந்திருந்தால் சிலர் அங்கேயே சரி செய்துகொள்வார்கள். அதனால் தொழிலில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர். எனக்கு அவர் அத்தான். நான் இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறேன். அவர் என்னைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார். அது என் தொழிலுக்காக இல்லை, வாய்க்காக என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். புது வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்களின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். நேராகத் தரையில் படுத்து, கன்னத்தைக் கல்லில் வைத்து, டார்ச் லைட்டைப் பக்கத்தில் கிடத்தி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். முதல் தடவை பார்க்கிறவர்கள் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடியிருக்கிறார்கள். பாலிஷ் போட்ட கல்லில் ஆள் நடக்க நடக்க அந்தப் பாதை மட்டும் மங்கும். செருப்பில் ஒட்டி வரும் மணல்தான் காரணம். அந்த மங்கலை வைத்து அவர் வீட்டுக் கதையையே சொல்லிவிடுவார். ஒரு வீட்டில் நாற்காலிக்கு முன்னால் இரண்டு வட்டம் மங்கியிருந்ததைப் பார்த்து, "இங்க யாரோ பத்து வருஷமா காலை ஆட்டிக்கிட்டே டி.வி. பாக்குறாங்க" என்றாராம். வீட்டுக்காரர் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாராம்.

இன்னொரு கதை உண்டு. அதை அவர் சொல்லி நானே இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு வீட்டு வராந்தாவில் நடுவில் பளபளப்பு அப்படியே இருக்க, இடது சுவரோரம் மட்டும் ஒரு கோடாக மங்கியிருந்தது. "இந்த வீட்ல யாரோ சுவரைத் தொட்டுக்கிட்டே நடக்குறாங்க. யாருக்குக் கண்ணு தெரியல?" என்று கேட்டார். அப்படி யாரும் இல்லையே என்றார்கள். மறுவாரம் அந்த வீட்டு அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனபோதுதான் தெரிந்தது, பாதிப் பார்வை போயிருந்தது. பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது பார் என்று அத்தான் நெஞ்சை நிமிர்த்துவார். இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வீட்டுத் தரைக்கே இவ்வளவு என்றால் சொந்த வீட்டுத் தரையை எப்படி வைத்திருப்பார்! வீடு கட்டிப் பதினாலு வருஷம் ஆகிறது. ஹால் முழுக்க வெள்ளை மார்பிள், நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரேகைகள். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒரு மிதியடி. இரண்டிலும் காலைத் துடைக்காமல் உள்ளே வந்தால் அத்தானின் கண் நம் காலிலேயே நிற்கும். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். துடைக்கிற துணியைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிய வேண்டும், கடையில் விற்கிற கண்ட திரவத்தையும் ஊற்றக்கூடாது, எண்ணெய் சிந்தினால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டமே உண்டு. பாத்ரூம் ஆசிட்டை மார்பிளில் ஊற்றுகிறவர்களைப் பற்றி அவர் பேசும்போது அந்த இடத்தில் குழந்தைகள் இல்லாமல் இருப்பது நல்லது.

நான் ஒருமுறை எலுமிச்சை ஜூஸ் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டேன். அடியில் வழிந்திருந்தது தெரியாது. புளிப்பு பட்டால் மார்பிள் அரித்துவிடும். தம்ளரை எடுத்தபோது கல்லில் மங்கலாக ஒரு வட்டம். நினைத்தால் அத்தான் அதைப் பத்து நிமிஷத்தில் தேய்த்துச் சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம், "இது என் கொழுந்தியா வச்ச வட்டம்" என்று டார்ச் அடித்துக் காட்டுவதற்காகவே அப்படியே விட்டுவைத்திருந்தார். எட்டு வருஷமாக அந்த வட்டத்துக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மார்பிளை வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் கூடப் போயிருந்தேன். கல் கடையில் பலகைகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அத்தான் ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது என்று பார்த்தார். பின்பக்கம் தட்டிச் சத்தம் கேட்டார். ரேகையில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் வருடினார். அக்கா இதையெல்லாம் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மாதிரிக்காகத் தரையில் பதித்திருந்த கற்களின் மேல் ஒவ்வொன்றாக ஏறி நின்றாள். ஒரு சாம்பல் நிறக் கல்லின் மேல் வந்ததும் நின்றுவிட்டாள். பாலிஷ் இல்லாத, மங்கலான, பார்க்க ஒன்றுமே இல்லாத கல். கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி அதன் மேல் ஊற்றி மறுபடி நின்று பார்த்தாள்.

"இது நல்லா இருக்குங்க" என்றாள்.

அத்தான் சிரித்தார். "முப்பது வருஷத்துல காலால கல்லு வாங்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். அப்போது அவர் தொழிலுக்கு வந்து பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. கணக்கில் அவர் எப்போதும் தாராளம். கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். கண்ணாடிக்காரர் வீட்டில் மங்கின கல்லா என்று எல்லோருமாகப் பேசி வெள்ளை மார்பிளை எடுத்தோம். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவள் பிடிவாதக்காரி இல்லை. அந்த விஷயத்தில் அவள் என்னைப் போல் பிறக்காதது அவளுக்கு நஷ்டம்தான்.

தரை போட்டு அத்தான் பாலிஷ் முடித்ததும் அதன் அழகு அவளையும் மயக்கிவிட்டது. கிழக்கு ஜன்னலிலிருந்து வெயில் வந்து நடு ஹாலில் விழும். அக்காவுக்கு அந்த இடம்தான் வீடு. காய் நறுக்குவது, துணி மடிப்பது, போனில் மகளோடு ஒரு மணி நேரம் பேசுவது எல்லாம் நடு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்துதான். ஆறு பேர் வந்தாலும் தட்டு எடுக்காமல் விரல் இடுக்கில் ஆறு தம்ளர்களைக் கோத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து விறுவிறுவென்று வருவாள். அத்தானும் பாலிஷ் போடச் சொல்லி யாராவது விசாரித்தால், "என் வீட்டு ஹாலை வந்து பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று கூட்டி வந்துவிடுவார். வந்தவர்கள் குனிந்து முகம் பார்ப்பார்கள். அக்கா தம்ளரோடு வருவாள். வேலை உறுதியாகிவிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அக்கா பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மிச்சத் தண்ணீரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ஹாலைக் கடந்தாள். போகும்போது நாலு சொட்டு சிந்தியிருக்கிறது. திரும்பி வரும்போது அதில் கால் வைத்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் நான் கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு அங்கேயே கிடந்தேன். அத்தான் சமைத்தார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை, அவர் மனது நல்ல மனது.

எலும்பு சேர்ந்துவிட்டது, இனி தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அக்காவும் நடந்தாள். ஆனால் சுவரோரமாக மட்டுமே நடந்தாள். படுக்கையறையிலிருந்து அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் ஹாலைக் குறுக்கே கடக்கப் பத்து எட்டு வைத்தால் போதும். அவள் அலமாரி ஓரம், சோபாவுக்குப் பின்னால், ஜன்னல் ஓரம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கமும் சுற்றிப் போவாள். காலில் ரப்பர் செருப்பு ஏறியது. துணி மடிப்பது கட்டில் விளிம்புக்குப் போனது. யாராவது வந்தால் தேநீரை அத்தானே எடுத்து வர வேண்டும். அந்த வீட்டின் நடு ஹால் காலியாகக் கிடந்தது.

அத்தான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து எல்லோரும் அவளுக்குப் புத்தி சொன்னோம். மகள் போனில், "எல்லாம் பயம்தான்மா, மனசுல தைரியம் வேணும்" என்பாள். பக்கத்து வீட்டில் வைட்டமின் மாத்திரை சிபாரிசு செய்தார்கள். நான் ஒருபடி மேலே போய், "இப்படியே சுவரைப் பிடிச்சிக்கிட்டு நடந்தா கடைசி வரைக்கும் சுவர்தான் உனக்குத் துணை" என்று கத்தியிருக்கிறேன். காலில் பலம் இல்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்பாள் அக்கா. கொஞ்ச நாள் என்பது மூன்று வருஷமாகிவிட்டது.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை மதியம் ஜன்னல் திரைச்சீலைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பல் டாக்டர் தரையைப் பார்க்க வருவதாக இருந்தது. பெரிய வீடு கட்டுகிறாராம், கீழும் மேலும் மார்பிளாம். அந்த வேலை கிடைத்தால் மூன்று மாதம் வேறு வீடு தேட வேண்டாம். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் போனபோது ஹால் சுவரோரமாகப் படுத்துக் கிடந்தார். டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

"கத்திரி, இங்க வந்து பாரு இந்தக் கொடுமையை" என்று கூப்பிட்டார். நானும் குனிந்து பார்த்தேன். நடுவில் கல் கண்ணாடியாக மின்னியது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு பட்டை மட்டும் மங்கலாக ஓடியது. மூன்று வருஷமாக இதே தொல்லை என்றார். மாதத்துக்கு ஒருமுறை பவுடர் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறாராம். இருபது நாளில் திரும்ப மங்கிவிடுகிறதாம். சுவரில் ஈரம் ஏறிக் கல்லுக்குள் இறங்குகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. வெளிச்சுவரை உடைத்துப் பூசினால்தான் சரியாகும் போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அதற்கு நேரமில்லை, இப்போதைக்கு இன்னொரு தடவை தேய்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டே போனார்.

நான் டார்ச்சை வாங்கி அந்தப் பட்டையின் மேலேயே ஓட்டினேன். படுக்கையறை வாசலில் தொடங்கியது. அலமாரி ஓரமாகப் போனது. சோபாவுக்குப் பின்னால் வளைந்தது. ஜன்னலுக்குக் கீழே நேராக ஓடி அடுப்படி வாசலில் முடிந்தது. அண்ணாந்து பார்த்தேன். சுவர்ப் பெயின்டிலும் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு அழுக்காகக் கூடவே வந்திருந்தது, கைபட்ட அழுக்கு. எனக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்துவிட்டது. அவர் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான். வாரத்துக்கு நாலு நாள் வந்து போகிறவள் நான். எனக்கும் கண் இருந்தது.

ஆனாலும் அன்றைக்கு நான் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அத்தான், இதே வேற யாரு வீட்டுத் தரையாவது இருந்தா என்ன சொல்வீங்க?"

"வேற வீடா இருந்தா..." என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தார். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. டார்ச்சை என்னிடமிருந்து வாங்கி முழங்காலாலேயே நகர்ந்து அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டு போனார். அடுப்படி வாசல் வரைக்கும் போனார். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள், ஒரு கை நிலைப்படியில், காலில் ரப்பர் செருப்பு. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை நாளா இப்படி ஓரமாவே நடக்குற?" என்று கேட்டார். மூன்று வருஷம் கூடவே இருந்துவிட்டுக் கேட்கிற கேள்வியா அது?

"விழுந்ததுலேர்ந்துதான்" என்றாள் அக்கா.

"காலு வலியா?"

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காலெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. நடுவுல பாத்தா எனக்கு எது தண்ணி, எது தரைன்னே தெரியல. எல்லாமே ஈரமா இருக்கிற மாதிரி இருக்கு. ஓரத்துல நடந்து நடந்து கொஞ்சம் மங்கினா அங்க காலு நிக்குது. பயமில்லாம நடக்கலாம்னு வர்ற நேரம் பாத்து நீங்க திரும்பத் தேய்ச்சு விட்டுடுறீங்க."

அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"என்னன்னு சொல்றது? ஊரையே கூட்டிட்டு வந்து காட்டுறீங்க. அதைப் போய்க் கெடுத்துடுங்கன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரைச்சீலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், புதுத் துணி என்றும் பார்க்காமல். முப்பத்தாறு தடவை. மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்தால் முப்பத்தாறு தடவை அவள் உருவாக்கிய பாதையை அந்த மனிதர் அன்போடு தேய்த்து அழித்திருக்கிறார். அவள் விழுந்த துக்கத்தில், அவளுக்குப் பிடித்த ஹால் மங்கிவிடக் கூடாதே என்று தேய்த்திருக்கிறார். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் காலையில் அத்தான் மெஷினை வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். கூடவே கரடுமுரடான தேய்ப்புக் கற்கள். பாலிஷ் வேலையில் கற்களுக்கு நம்பர் உண்டு. சின்ன நம்பர் சொரசொரப்பு, நம்பர் ஏற ஏற வழவழப்பு. மூவாயிரத்தில் முடித்தால் முகம் தெரியும். அன்றைக்கு அவர் எடுத்து வைத்தது எல்லாம் சின்ன நம்பர்கள். அக்கா பதறிப்போய், ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து போகட்டும், அதன் பிறகு எதுவானாலும் செய்யலாம் என்று தடுத்தாள்.

"டாக்டரா வந்து இங்க நடக்கப் போறாரு?" என்றார் அத்தான்.

சோபாவை நகர்த்திவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் பலகை அளவில் நாலு இடத்தில் தேய்த்தார். முதலாவது நூற்றிருபது, அடுத்தது இருநூற்றிருபது, அப்புறம் நானூறு, எண்ணூறு. நாலும் நாலு விதமாக மங்கியிருந்தன. துடைத்துவிட்டு நாலின் மேலும் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். பிறகு அக்காவின் முன்னால் குனிந்து அவள் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

"ஏறி நின்னு பாரு. எது புடிக்குதோ சொல்லு. இந்தத் தடவை காலாலயே வாங்கிடலாம்."

பதினாலு வருஷத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை அவருக்கு நினைவிருந்தது எனக்கே ஆச்சரியம்தான். அக்கா அவர் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எண்ணூறின் மேல் நின்றாள். உடனே காலை எடுத்துவிட்டாள். நானூறில் கொஞ்ச நேரம் நின்று தலையை ஆட்டினாள். நூற்றிருபது காலைப் பிராண்டுகிறது என்றாள். இருநூற்றிருபதின் மேல் நின்றபோது விரல்களை விரித்து ஊன்றினாள். குதிகாலை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். கல் நனைந்துதான் இருந்தது, கால் நழுவவில்லை. அத்தான் தோளிலிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"இது" என்றாள்.

"இருநூத்தி இருபது" என்றார் அத்தான். அந்த நம்பரோடு நிறுத்துகிறவர்களை அவர் தொழிலில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பாதி வேலையில் ஓடிப்போனவன் என்பார். அன்றைக்கு அவர், "அன்னைக்குக் கடையில நீ நின்ன கல்லும் இப்படித்தான் இருந்துச்சு இல்ல?" என்று மட்டும் கேட்டார். அக்கா சிரித்தாள்.

இரண்டு நாள் வீடு அதிர்ந்தது. பதிமூன்று வருஷத்துப் பளபளப்பு வெள்ளைச் சேறாக வழிந்து வாளி வாளியாக வெளியே போனது. பக்கத்து வீட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, என்ன பழுது என்று கேட்டார்கள். நான் வாசலில் நின்று, பழுது பார்க்கிற வேலைதான் நடக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஹாலின் நடுப்பகுதிக்கு வந்தபோது என் எலுமிச்சை வட்டமும் சேற்றோடு கரைந்து போனது. அத்தான் மெஷினை நிறுத்திவிட்டு அந்த இடத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "இனிமே உன்னை எதை வச்சுத் திட்டுறது?" என்றார். வேறு ஏதாவது கிடைக்காமலா போகும் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

கடைசியில் தரையைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, கறை உள்ளே இறங்காமல் இருக்க அதற்கான மருந்தைத் துணியால் பூசினார். பளபளப்பு இல்லாத கல் சீக்கிரம் எண்ணெயைக் குடிக்கும், வருஷம் ஒருமுறை பூச வேண்டும் என்று அக்காவிடம் விளக்கினார். ஹால் வெளுத்து அடங்கி இருந்தது. வெயில் வந்து விழுந்தபோது கண் கூசவில்லை. நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சொட்டுகள் கருமையாகத் தனியாகத் தெரிந்தன. எது தண்ணீர், எது தரை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். எல்லோரையும் போல அவரும் குனிந்து பார்த்தார். முகம் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் பார்த்தது வேறு மாதிரி இருந்ததே என்றார். அத்தான் ஒளிக்காமல் சொன்னார். வீட்டில் நடக்கிறவர்களுக்கு வசதியாக மாற்றிவிட்டேன், உங்களுக்கு மூஞ்சி தெரிகிற மாதிரி வேண்டுமென்றால் அதுவும் எனக்குத் தெரியும், ஆனால் அடுப்படிக்கும் பாத்ரூம் வாசலுக்கும் அதைப் போட மாட்டேன் என்றார். டாக்டர் மரியாதையாகத் தேநீர் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போன் வரவில்லை. கண்ணாடிக்காரர் வீட்டுத் தரையே மங்கிப் போச்சாமே என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடித்தார்கள். அத்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மூன்றாவது நாள் பசி வந்து சரியாகிவிட்டார். அவருக்கு வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. வயதானவர்கள் இருக்கிற வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அக்கா அன்றைக்கே எழுந்து ஹாலில் ஓடினாள் என்று எழுதினால் அது பொய். மூன்று வருஷத்துப் பயத்தைத் தேய்க்க மெஷின் கிடையாது. முதல் வாரம் சுவரைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் சோபாவின் முதுகைப் பிடித்தாள். அப்புறம் செருப்பில்லாமல் நடந்தாள். நடுவில் எப்போது கால் வைத்தாள் என்று யாருக்கும் தெரியாது, நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் நான் போய் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டே கடை வம்பையெல்லாம் பேசி, தேநீரும் குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். அவள் நடு ஹாலில் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்துவிடுவாளோ என்று பயம்.

போன வாரம் அத்தான் போன் செய்து உடனே வா என்றார். என்னவோ ஏதோ என்று கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மனிதர் ஹால் நடுவில் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் டார்ச். "படு, படுத்துப் பாரு" என்றார். எனக்கு அந்த வயதில்லை என்று சொல்லிக்கொண்டே நானும் படுத்துப் பார்த்தேன்.

ஹால் முழுக்க மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கையறை வாசலிலிருந்து அடுப்படி வாசல் வரை, குறுக்கே, நட்டநடுவில் ஒரு பாதை மட்டும் லேசாக மினுமினுத்தது. மங்கின கல்லில் வெறும் காலோடு நடந்தால் அந்த இடம் நாளாக ஆக மெருகேறும் என்று அத்தான் சொன்னார். சுவரோரம் டார்ச்சைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

"முப்பது வருஷமா எத்தனையோ தரைக்குப் பாலிஷ் போட்டிருக்கேன். இது மாதிரி எனக்கு வரல" என்றார். இனிமேல் அந்தப் பாதையை யாரும் தேய்க்கக் கூடாது என்று புதுச் சட்டம் ஒன்றும் போட்டார்.

அப்போது அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். வெறும் கால். விரல் இடுக்கில் மூன்று தம்ளர்கள். எங்களைப் பார்த்து நின்றாள்.

"நடு வீட்டுல ரெண்டு பேரும் இப்படிப் படுத்துக் கிடந்தா நான் எந்தப் பக்கம் போறது?"

"ஓரமா சுத்திப் போயேன்க்கா" என்றேன் நான். என் வாய் சும்மா இருக்குமா!

"ஓரமா போறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்து? எந்திரிங்க ரெண்டு பேரும்" என்றாள்.

நாங்கள் எழுந்து வழிவிட்டோம்.